விரதம் இருந்த கடற்சாமந்தி

பாற்கடலில் பள்ளிகொண்டவனைப் பாடிப் பாடியே பொழுது விடிகின்ற வீட்டில் பிறந்தவள் நான். ஆயினும் எங்கள் குடும்பத்தின் பெருமைகளைச் சொல்லச் சொன்னால், அப்பாவுக்கு மனப்பாடமாயிருந்த பாசுரங்களை நான் முதலில் சொல்வதில்லை. ஊரே வந்து உண்டுபோகும் எங்கள் புரட்டாசித் தளிகையையும் சொல்வதில்லை. மலேசியாவில், ஜோகூர் பாருவை ஒட்டிய தம்போயில், கடலின் வாசனைகூட எட்டாத ஒரு வரிசை வீட்டின் கூடத்தில், ஒரு கடற்சாமந்தியை உயிரோடு வைத்திருந்தோம் என்பதையே முதலில் சொல்வேன். இன்று ஜோகூர் பாருவின் கடைகளில் வெயிலைப் போலவே ஒளிவிடும் விளக்குகள் கிடைக்கின்றன. தண்ணீரின் உப்பை அளந்து சொல்லும் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றையெல்லாம் வாங்கி வைத்துவிட்டும், கொண்டுவந்த மாதமே செத்துப்போயிற்று என்று புலம்புகிறவர்களை நான் அறிவேன். எங்களிடம் இருந்தவை ஒரு கண்ணாடித் தொட்டி, தண்ணீரை இழுத்து வடிகட்டும் ஒரு மோட்டார், ஒரு குழல் விளக்கு, ஒரு சித்தப்பா.

கடற்சாமந்தியைக் கண்டிராதவர்களுக்கு ஒரு சொல். பெயர்தான் பூவின் பெயர்; அது ஓர் உயிர்ப்பிராணி. அடிப்புறத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, மேலே எண்ணற்ற விரல்களை விரித்து, காற்றே இல்லாத இடத்தில் காற்றில் ஆடுவதைப் போல ஆடிக்கொண்டிருக்கும். அந்த விரல்களில் நஞ்சு உண்டு. நடுவே ஒரு வாய் உண்டு. உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய்வழியேதான். எங்கள் வீட்டில் அதைக் 'கடல் பூ' என்றோம். மற்ற மீன்களைக் கொட்டிவிடும் அந்த விரல்களுக்கு நடுவில், ஆரஞ்சு நிறத்து மீன் ஒன்று அஞ்சாமல் குடியிருந்தது. கொட்டவேண்டிய கையே காக்கவும் செய்யும் அந்த அடைக்கலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவார். அந்த மீனின் உடம்பில் வெள்ளைப் பட்டைகள் இருந்தன.

"நாமம் போட்டிருக்கு பாரு. நம்ம கூட்டந்தான்" என்று அத்தை அதை முதல் நாளே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவனை இழந்தபின் எங்களோடு இருந்தாள்.

தொட்டி சித்தப்பாவுடையது. அப்பாவின் ஒரே தம்பி அவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போவார். மாலையில் திரும்புவார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தொட்டி வருவதற்கு முன்பு பல மாலைகளில் அவர் திரும்பவில்லை. சம்பள நாள்களில் அவர் வீடு வந்து சேரமாட்டார். அப்பா போய்த்தான் கொண்டுவந்து சேர்ப்பார். ரெங்கத்து ரப்பர் தோட்டத்தில் பெற்றோர் அடுத்தடுத்துக் கண்மூடிய நாளிலிருந்து, அரைக்கால் சட்டை போட்ட தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பா. அந்தத் தோளே தளர்ந்துபோகும் அளவுக்குச் சித்தப்பா குடித்தார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சித்தப்பாவுக்கு 'மேலுக்குச் சுகமில்லை' என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன்.

ஒரு சம்பள நாளில், குடிக்கப் போகிற வழியில், ஒரு வளர்ப்பு மீன் கடையின் கண்ணாடிக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். உள்ளே ஒரு கடற்சாமந்தி விரிந்திருந்ததாம். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். கைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சிறு கடல். அன்று முதல் அவர் நேரே வீட்டுக்கு வந்தார். தண்ணீரைப் பார்க்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும், மோட்டார் ஓடுகிறதா என்று காது கொடுக்க வேண்டும். பாட்டில் பிடித்த கை உப்பு கரைக்கப் பழகிக்கொண்டது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இதைக் கவனித்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் கலைந்துவிடும் என்பதைப் போல.

ஆனால் கடல் பூவைக் காப்பாற்றுவது எளிதாக இருக்கவில்லை. முதலாவது, தனக்குப் பிடித்த இடம் தேடித் தொட்டிக்குள் நகர்ந்து நகர்ந்து போய், தண்ணீர் இழுக்கும் குழாயில் சிக்கி நைந்துபோயிற்று. பூவுக்குக் கால் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சித்தப்பா அம்மாவின் தேயிலை வடிகட்டியை எடுத்துக் குழாயின் வாயில் கட்டினார். வடிகட்டி போனதற்கு அம்மா முணுமுணுத்தாளே தவிர, திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டாவதைக் கொன்றது எங்கள் ஆசாரம். வெக்கையில் தொட்டித் தண்ணீர் குறையுமல்லவா, அதை ஈடுகட்ட அத்தை தினமும் ஒரு சொம்பு ஊற்றிவந்தாள். வீட்டிலேயே மிகச் சுத்தமான தண்ணீர் எதுவோ அதைத்தான் ஊற்றினாள். பெருமாளுக்கென்று செப்புக் குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அது. செம்பு, மனிதருக்கு மருந்தாகலாம். கடல் பூவுக்கு ஆலகாலம். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூ மட்டும் நாளுக்கு நாள் கரைந்தது. மீன் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, சொல்லிச் சித்தப்பா வந்து விவரம் சொன்னபோது அத்தை இடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பெருமாளுக்கு வைக்கிற தண்ணி அதுக்கு வெசமாடா?"

"ஒங்க மேல தப்பு இல்லக்கா. அதுக்குப் பெருமாள் வேற, நமக்குப் பெருமாள் வேற போல."

"வாயக் கழுவு" என்றாள் அத்தை. ஆனால் அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் சொம்பை எடுத்துக்கொண்டு வரவில்லை.

செத்த கடற்சாமந்தியின் நாற்றம் எப்படிப்பட்டதென்று எழுத்தில் வடிக்க முடியாது. அந்த நாற்றம் கூடத்தைக் கடந்து பூசை அலமாரி வரைக்கும் போயிற்று. விளக்கேற்ற வந்த அப்பா திரியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னும் ஒண்ணு வேணும்னா வாங்கிக்க. அதுவும் போச்சுன்னா தொட்டி இந்த வீட்டுல இருக்காது."

அப்பா ஒரு சொல் சொன்னால் அது கல்லில் வெட்டியது. சித்தப்பா தலையை மட்டும் அசைத்தார். மூன்றாவது வந்தது. மங்கிய பழுப்பு விரல்களும், நுனியில் ஊதாப் பொட்டுகளும் கொண்ட அழகி அவள்.

அவளைச் சாகவிடக் கூடாது என்று வீடே கங்கணம் கட்டிக்கொண்டது. தமிழர் வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றுவதென்றால் எங்கிருந்து தொடங்குவார்கள்? சோறு போடுவதிலிருந்துதான். காலையில் வேலைக்குப் போகுமுன் சித்தப்பா ஒரு துண்டு இறால் கொடுப்பார். அவர் போனபின், பாவம் பசியோடு இருக்குமே என்று அம்மா ஒரு துண்டு. பள்ளி விட்டு வந்ததும் நான் ஒன்று. 'சாப்ட்டுச்சா?' என்று கேட்டுக்கொண்டே வந்து, யாரும் பதில் சொல்லாததால் அத்தை ஒன்று. எதைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொண்டது. விரல்களால் பற்றி, மெல்ல மெல்ல வாய்க்குள் கொண்டுபோகும் அழகைப் பார்க்க வேண்டுமென்றே நான் மறுபடியும் ஒன்று கொடுப்பேன். தண்ணீர் கலங்கத் தொடங்கிற்று. விரல்கள் சோர்ந்தன. சோர்வைக் கண்ட நாங்கள் இன்னும் கொஞ்சம் கொடுத்தோம்.

அந்த நிலையில்தான் புரட்டாசி பிறந்தது.

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி இல்லை. அடுப்பங்கரைப் பாத்திரங்கள்கூட மாற்றி வைக்கப்படும். முதல் நாள் காலையில் குளிர்பெட்டியைத் திறந்து இறால் பொட்டலத்தை எடுத்த அப்பா, அதை அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

சித்தப்பா பதறிப்போனார். "அண்ணே, அது பூக்கு வச்சிருந்த எறா."

"பொரட்டாசி முடியட்டும்."

"அது வரைக்கும் அது எதத் தின்னும்? செத்துரும்ணே."

"இந்தக் கூரைக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

"அப்போ அதுக்குத் தயிர் சாதமா போடுறது?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அம்மா கேலியாகச் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். தயிர் சாதம் தண்ணீரில் கரைந்துவிடும் என்று எனக்கே தோன்றியதால், முதல் சனிக்கிழமைப் பிரசாதத்திலிருந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்து விரல்களுக்கு நடுவில் போட்டேன். கடல் பூ அதைப் பக்தியோடு பற்றிக்கொண்டது. வாயருகே கொண்டுபோயிற்று. நான் அத்தையைக் கூவி அழைத்தேன். அத்தை வந்து சேர்வதற்குள் அது கடலையைத் தள்ளி வெளியே விட்டுவிட்டது.

"பெருமாள் பிரசாதத்தையே துப்புது. சுத்த நாத்திகம்" என்றாள் அத்தை. "மீனு மட்டுந்தான் நம்மாளு."

அந்த மீன் ஒரு டின்னில் வந்த செதில் தீனியைத் தின்று விரதத்தைக் கடந்தது. அந்தத் தீனி எதனால் ஆனது என்று அப்பா கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மாளய அமாவாசைக்கு முந்தின நாள் மாலை. பள்ளி விட்டு வந்து நான்தான் முதலில் பார்த்தேன். கடல் பூ இல்லை. அது இருந்த இடத்தில் காய்ந்த பேரீச்சம்பழத்தைப் போல ஒரு சுருங்கிய கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் உள்ளே போய்விட்டன. வாய் பிளந்து, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் நூலாய் ஏதோ வழிந்தது. நாமம் போட்ட மீன் அந்தக் கட்டியை விட்டு அகலாமல், அதன் மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. போவதற்கு அதற்கு வேறு இடம் இல்லை.

"அலமாக்! காலையிலகூட கொஞ்சம் விரிஞ்சிருந்துச்சே" என்றாள் அம்மா.

சித்தப்பா வேலையிலிருந்து வந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் குந்தினார். வெகு நேரம் எழவில்லை. அன்னாசிப்பழத் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்பா வந்தார். குளித்து, திருமண் இட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"போச்சா?" என்றார் அப்பா.



"நான் ஒண்ணுமே ஊத்தல தம்பி, பெருமாள் சத்தியமா" என்றாள் அத்தை.

சித்தப்பா எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன் அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பிக் குவளையோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "காப்பி ஆறுது" என்றாள். நகரவும் இல்லை, குவளையை நீட்டவும் இல்லை. சித்தப்பாவுக்கு ஏன் வழிவிட மாட்டேனென்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா தொட்டியின் மேல் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு, விளக்கேற்றுவதற்காகக் குளித்துவிட்டு வந்த அந்தக் கையை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டார்.

"தம்பி! மடியா இருக்கிற கை" என்று அத்தை பதறினாள்.

"இன்னொரு தடவ குளிச்சுக்கிறேன்." அப்பாவின் விரல் அந்தக் கட்டியைத் தொட்டது. கட்டி மெல்லச் சுருங்கிற்று. "செத்ததுன்னா போன தடவ மாதிரி நாறும். நாறல. உசிரு இருக்கு."

சித்தப்பா வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றார்.

"நாளைக்கு அமாவாசை. நான் கடலுக்குப் போறேன்" என்றார் அப்பா, கையைத் துடைத்தபடி. "நீயும் வா."

"நான் எதுக்குண்ணே? எப்பவும் நீங்கதானே செய்வீங்க."

"எள்ளுத் தண்ணி நான் விட்டுக்கிறேன். நீ ஒன் பூக்குத் தண்ணி எடு. தொட்டித் தண்ணி கெட்டுப்போயி கெடக்கு, எனக்கே தெரியுது. டப்பாவெல்லாம் இப்பவே கழுவி வை. காலையில நேரம் இருக்காது."

சித்தப்பா சிறிது நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, பின்பக்கக் குழாயடிக்குப் போய் டப்பாக்களைக் கழுவத் தொடங்கினார். கழுவிய டப்பாவையே திரும்பவும் கழுவினார். நான் கடலுக்குப் போகும் மகிழ்ச்சியில் குதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும், அப்பாவோடு வேலை செய்த மலாய்க்கார நண்பர் ஒருவரின் வேனில் கோத்தா திங்கியைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போனோம். எங்கள் பக்கத்து நீரிணையைப் போலச் சேறாக இல்லாமல், காலடி மணலை எண்ணலாம் போன்ற தெளிவான கடல் அது. அப்பா இடுப்பளவு நீரில் இறங்கி, தெற்கு நோக்கி நின்று, எள்ளும் நீரும் இறைத்தார். வழக்கமாகச் சொல்லும் முன்னோர் பெயர்களைச் சொன்னார். முடிவில், எந்த மந்திரத்திலும் இல்லாத ஒன்றைச் சாதாரணப் பேச்சாகச் சொன்னார்: "தம்பியக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்மா." பக்கத்தில் டப்பாவை அமிழ்த்திக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நல்ல தண்ணீராகக் கொடு என்று கேட்பதற்காகக் கடலம்மாவிடம் அப்பா சித்தப்பாவை அறிமுகப்படுத்துகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்தத் தண்ணீரைச் சித்தப்பா ஒரேயடியாக ஊற்றவில்லை. கலங்கிய நீரைக் கொஞ்சம் எடுத்துப் புதிய நீரைக் கொஞ்சம் விட்டார். இன்னொரு மாறுதலும் ஏற்கெனவே நேர்ந்திருந்தது; அதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. சாலைப் புழுதிக்கு அஞ்சி எப்போதும் சாத்தியிருக்கும் கூடத்துக் கிழக்குச் சன்னலை, புரட்டாசியில் மட்டும் அப்பா விடியலில் திறந்துவிடுவார். அவர் பாசுரம் சொல்லும் நேரமெல்லாம் இளவெயில் நேரே தொட்டியில் விழும்.

பூ ஒரு நாள் கொஞ்சம் உப்பியது. மறுநாள் விரல் நுனிகள் தெரிந்தன. பிறகு ஒரு காலையில், அப்பா கடைசிப் பாசுரத்தை முடித்துத் திரும்பியபோது, அது தொட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு விரிந்திருந்தது. மங்கல் போய், தேனும் பொன்னும் கலந்த நிறம் வந்திருந்தது. ஊதாப் பொட்டுகள் மின்னின. மீன் அதற்குள் புகுந்து புரண்டது. அப்பா 'கோவிந்தா' என்றார். வீடே எழுந்து வந்துவிட்டது.

அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் குடியிருக்கின்றன என்பதையும், வெயில் பட்டால் அவையே அதற்குச் சமைத்துப் போடுகின்றன என்பதையும், எங்கள் பாசம் ஊட்டிய இறால்தான் அதை உள்ளிருந்து அழுக வைத்தது என்பதையும், அன்று மாலை சுருங்கிக் கக்கியது சாவதற்காக அல்ல, வயிற்றைக் கழுவிக்கொள்வதற்காக என்பதையும் நான் வெகு காலம் கழித்துப் படித்தறிந்தேன். அறிந்தபின்னும் என் கருத்து மாறவில்லை. உணவை நிறுத்தி, நீரைப் புதுக்கி, ஞாயிற்றின் முன் நிறுத்தியது புரட்டாசி மாதம். அந்த மாதத்துக்கு உரியவன் எவனோ அவன்தான் காத்தான்.

பள்ளியில் நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை. எங்கள் கடல் பூ சைவம் என்றேன். விரதம் இருந்து நிறம் ஏறிவிட்டது என்றேன்.

"ஒங்க பூ நாமம் போடுமா லா?" என்று ஒருத்தி இளித்தாள்.

"பூ போடாது. அதோட வீட்டுல இருக்கிற மீனு போட்டிருக்கு. வந்து பாரு" என்றேன்.

கடைசிச் சனிக்கிழமை தளிகைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அதைக் காட்டுவதென்று தீர்மானித்தேன். அன்று காலையிலேயே தொட்டிக் கண்ணாடியைத் துடைத்து, ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மாவிளக்கு ஏற்றியாயிற்று. பசனைக் குழுவினர் வந்தார்கள். அண்டை அயலார் வந்தார்கள். பாலோவிலிருந்து பேருந்து பிடித்து உறவினர்கள் வந்தார்கள். வாசலில் நின்ற அப்பா, தன்னைப் பற்றி ஒரு நாளும் பெருமை பேசி அறியாத அப்பா, உள்ளே வந்த ஒவ்வொருவரையும் தொட்டிக்கு முன்னால் அழைத்து வந்தார்.

"என் தம்பி வளக்கிறது" என்றார். எல்லோரிடமும் அதே சொல்.

சித்தப்பா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருமண்ணோடு, புளியோதரைத் தாம்பாளத்தை ஏந்தி நின்றார். பசனைக் குழுவின் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் சாலையோரத்திலிருந்து சித்தப்பாவைத் தூக்கி வர அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர் அவர். அவர் தாம்பாளத்தைத் தாண்டிக் கையை நீட்டிச் சித்தப்பாவின் முகவாயைப் பிடித்தார்.

"நல்லா இருக்கியாப்பா?"

"இருக்கேன் மாமா."

"இருக்கணும். இப்படியே இருக்கணும்."

நான் அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தேன். "தாத்தா, இங்க பாருங்க, எறாவே சாப்பிடாம இவ்ளோ பெருசாயிருச்சு." அவர் ஒரு கணம் தொட்டியைப் பார்த்தார். "ஆமாம்மா, அழகு" என்றார். உடனே திரும்பி மறுபடியும் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மட்டுமல்ல. வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். நான் விரலைக் காட்டுவேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். கண்கள் மட்டும் என் தலைக்கு மேலே சித்தப்பாவிடம் போய்விடும். அப்பாவுக்கோ முகம் விளக்கைப் போல இருந்தது. இத்தனை அரிய பூவை யாரும் சரியாகப் பார்க்காததில் அவருக்கு ஏன் வருத்தமே இல்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கூட்டம் கலைந்ததும் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

"யாருமே பாக்கலம்மா. ஒருத்தர்கூட சரியா பாக்கல. வந்தாங்க, சாப்ட்டாங்க, போய்ட்டாங்க."

அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பாத்தாங்கடி" என்றாள். "எல்லாரும் நல்லா பாத்துட்டுத்தான் போனாங்க."

காலையிலிருந்து அடுப்புப் புகையைவிட்டு வெளியே வராதவளுக்கு என்ன தெரியும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.